அலாப்பிகளின் பந்தயம்: 500 டொலர் கார்களின் கதை

பழைய கார் விற்கிற ஆள் என்ன செய்வார் எண்டு உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கறள் பிடிச்ச இடத்தைப் பூசி மெழுகிப் பெயின்ற் அடிப்பார். எஞ்சின் போடுற சத்தம் வெளியில கேட்காமல் இருக்கத் தடிப்பான ஒயில் ஊற்றி வைப்பார். உதவாத காரை நல்ல கார் எண்டு நம்பவைக்கிறதிலதான் அவரின்ர பிழைப்பே கிடக்கு.

2006இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஒரு கார்ப் பந்தயத்தில் இந்த நாடகம் அப்படியே தலைகீழாக நடக்கிறது. நல்ல காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, 'ஐயா, இது ஒண்டுக்கும் உதவாத தகரம்' என்று நடுவரிடம் சத்தியம் பண்ணுகிறார்கள். புதிதாகப் போட்ட பாகத்தில் ஊத்தை பூசி மறைக்கிறார்கள். பளபளக்கிற ஷொக் அப்சோபருக்கு மங்கல் பெயின்ற் அடித்துப் பழசாக்குகிறார்கள். எல்லாத்துக்கும் காரணம் ஒரேயொரு விதி: பந்தயத்தில் ஓடுகிற காரின் பெறுமதி 500 டொலரைத் தாண்டக்கூடாது.

அந்தப் பந்தயத்தின் பெயர் '24 அவர்ஸ் ஒப் லெமன்ஸ்'. பழுதான கார்களை வைத்துப் பொழுதுபோகாத ஆக்கள் செய்கிற பகிடி என்று கடந்து போய்விடலாம். பகிடிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த 500 டொலர் விதிக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. காசு இருக்கிறவன்தான் வெல்லுவான் என்ற நிலையை ஒரு விதி போட்டு மாற்றமுடியுமா? அலாப்பிகள் அந்த விதியை உடைக்க வருவார்கள் என்று தெரிந்தும் விளையாட்டை எப்படி நடத்துவது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போகிற ஒரு சின்ன வரலாறு.

முதலில் லு மான்

பெயரில் இருக்கிற பகிடி விளங்கவேண்டும் என்றால் பிரான்ஸுக்குப் போகவேண்டும். லு மான் என்பது அங்குள்ள ஒரு நகரம். உலகத்திலேயே பேர்போன 24 மணித்தியாலக் கார்ப் பந்தயம் அங்கேதான் நடக்கிறது. ஆங்கிலம் பேசுகிற ஆக்களின் வாயில் லு மானும் லெமன்ஸும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் வரும்.

இன்றைக்கு லு மான் என்றால் பெரிய கார்க் கம்பனிகள் கோடிக்கணக்கான டொலர்களைக் கொட்டுகிற இடம். ஆனால் அது தொடங்கின கதை வேறு. முதலாவது பந்தயம் 1923 மே 26ஆம் திகதி பின்னேரம் தொடங்கி அடுத்த நாள் பின்னேரம் முடிந்தது. மொத்தம் 33 கார்கள் ஓடின. மழையும் ஆலங்கட்டியும் கொட்டிய ஒரு இரவைத் தாண்டி அவற்றில் 30 கார்கள் ஓடி முடித்தன. கூடிய தூரம் ஓடியது லகாஷ், லெயோனார் என்ற இருவர் ஓட்டிய ஷெனார் வோக்கர் கார்: 24 மணித்தியாலத்தில் 2,209 கிலோமீற்றர்.

அந்தப் பந்தயத்தின் நோக்கம் ஆர் வேகமான ஆள் என்று பார்ப்பது இல்லை. கடையில் வாங்கக்கூடிய சாதாரண கார் ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடுமா, அதன் லைற் இரவு முழுக்க எரியுமா, என்பதுதான் கேள்வி. அதனால் சின்னக் கார்களைத் தவிர மற்றவற்றுக்கு நாலு இருக்கை இருக்கவேண்டும் என்று விதி போட்டார்கள். ஆள் இல்லாத இருக்கைக்குப் பதிலாகப் பாரம் ஏற்றிக்கொண்டு ஓடவேண்டும். அடுத்த வருசம் இன்னும் ஒன்று சேர்த்தார்கள்: மழைக்கூரையை இழுத்து மூடிக்கொண்டு 20 சுற்று ஓடிக் காட்டவேண்டும். கூரை பறந்து போகாமல் நிற்குதா எண்டு பார்க்கிறதுக்குத்தான்.

முதல் வருசம் ஓடின ஒரு பென்ட்லி காரின் கதை இங்கே முக்கியம். தெருவில் கிளம்பின கல் ஒன்று பெற்றோல் தாங்கியில் ஓட்டை போட்டுவிட்டது. கார் வழியில் நின்றுபோனது. சாரதி டவ் அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகத் தன் குழுவினர் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். மற்றச் சாரதி கிளெமென்ட் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, பெற்றோல் கான்களையும் கொண்டு மிதித்துப்போய், ஓட்டையை அடைத்துக் காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் அவர்களுக்கு நாலாவது இடம், அதுவும் இன்னொரு காரோடு சேர்த்து. 83 வருசத்துக்குப் பிறகு லெமன்ஸில் நடந்ததும் உண்மையில் இதே கூத்துத்தான்.

பிறகு என்ன நடந்தது எண்டு ஊகிக்கலாம்தானே. வென்றால் கார் விற்கும் என்று கம்பனிகளுக்கு விளங்கிவிட்டது. பந்தயத்துக்கென்றே கார் செய்யத் தொடங்கினார்கள். 1963இல் பெராரி கம்பனியை வாங்கப் போய் ஏமாந்த போர்ட், அந்தக் கோபத்தில் காசைக் கொட்டிக் கார் செய்து 1966இல் முதல் மூன்று இடங்களையும் பிடித்த கதையை 2019இல் வந்த படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தில் அது வீரக்கதை. ஆனால் வேறு பக்கமாகப் பார்த்தால், சாதாரண காருக்கு வைத்த பரீட்சை பணக்காரரின் மல்யுத்தமாக மாறின கதையும் அதுதான்.

இது லு மான்காரர்களுக்கும் தெரிந்தே இருந்தது. அதனால்தான் அவர்கள் தூரக் கணக்குக்கு வெளியே இன்னொரு கணக்கும் வைத்திருந்தார்கள். எஞ்சினின் அளவைப் பார்த்து, ஒவ்வொரு காரும் எவ்வளவு தூரம் ஓடவேண்டும் என்று கணித்து, அதை எவ்வளவு தாண்டியது என்று பார்க்கிற ஒரு சுட்டெண். 1950களில் அந்தப் பரிசைப் பலமுறை தட்டிக்கொண்டு போனவை பானார் எஞ்சின் பூட்டின சின்னஞ்சிறு பிரெஞ்சுக் கார்கள். இந்தச் சுட்டெண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

'லெமன்' என்ற சொல்

அமெரிக்க ஆங்கிலத்தில் வாங்கின நாளில் இருந்து பழுதாகிக்கொண்டே இருக்கிற காருக்கு 'லெமன்' என்று பெயர். அப்படியான காரை ஏமாந்து வாங்கினவர்களைக் காப்பாற்ற 1982இல் கனெக்ரிகட் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கொண்டுவந்தன. இன்றைக்கும் அவற்றுக்கு 'லெமன் சட்டம்' என்றுதான் பெயர்.

பொருளியல் படிக்கிற ஆக்களுக்கு இந்தச் சொல் வேறு ஒரு இடத்தில் இருந்து பழக்கம். 1970இல் ஜோர்ஜ் அகெர்லோவ் என்பவர் 'லெமன்களுக்கான சந்தை' என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முதல் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு இருந்தது.

அவர் சொன்னது சிம்பிளான விசயம். பழைய கார் சந்தையில், கார் நல்லதோ கூடாதோ என்று விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குகிறவர் எந்தக் காருக்கும் நடுத்தரமான விலைதான் சொல்லுவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க ஆர் சம்மதிப்பார்? நல்ல கார் வைத்திருக்கிறவர்கள் சந்தையை விட்டு விலகுவார்கள். மிஞ்சுவது லெமன்கள். அதாவது ஒரு பக்கத்துக்கு மட்டும் உண்மை தெரிந்த இடத்தில் கூடாதது நல்லதைத் துரத்திவிடும்.

இப்ப இந்தத் தேற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு பந்தயத் திடலுக்குள் வாங்கோ.

அல்ரமொன்ட், 2006

லெமன்ஸைத் தொடங்கியவர் ஜே லாம், கார்களைப் பற்றி எழுதுகிற பத்திரிகையாளர். முதலாவது பந்தயம் 2006இல் சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே அல்ரமொன்ட் திடலில் நடந்தது. இசைப் பிரியர்களுக்கு அந்தப் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். 1969இல் ரோலிங் ஸ்ரோன்ஸ் குழு நடத்திய இலவச நிகழ்ச்சியில் மெரடித் ஹன்ரர் என்ற கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்ட இடம் அது.

பந்தயத்தின் அடிப்படை விதிகள் இவ்வளவுதான். காரை வாங்கின விலை, அதைத் திருத்தின செலவு எல்லாம் சேர்த்து 500 டொலருக்குள் நிற்கவேண்டும். குறைந்தது நாலு சாரதிகள் மாறி மாறி ஓட்டவேண்டும். பெயரில் 24 மணித்தியாலம் இருந்தாலும் பெரும்பாலான பந்தயங்கள் சனி, ஞாயிறு இரண்டு பகலாகப் பிரிந்து 14, 15 மணித்தியாலத்தில் முடியும். ஆகக் கூடிய சுற்று ஓடின கார் முதலாவது. பந்தயச் சாரதியாக ஏற்கெனவே பழகியிருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரண சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் உள்ளே வரலாம்.

இலங்கையில் வாகன விலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு 500 டொலரில் ஓடுகிற கார் என்பது நம்பேலாத விசயம். ஆனால் 2006இன் அமெரிக்காவில் 15, 20 வருசப் பழைய கார் ஒன்று புகைப் பரிசோதனையில் தவறினாலோ, கியர்பெட்டி பழுதானாலோ அதைத் திருத்துகிற செலவு காரின் விலையைவிடக் கூடிப்போகும். அப்படியானவை வீட்டு முற்றத்தில் கறள் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆராவது இழுத்துக்கொண்டு போனால் போதும் என்று சொந்தக்காரரே விட்டுவிடுவார். அந்தக் கார்கள்தான் பந்தயத்துக்கு வந்தன.

500 டொலர் கணக்கில் சேராத ஒன்று இருந்தது: உயிரைக் காக்கிற சாமான். சாரதியைச் சுற்றிப் போடும் இரும்புக் குழாய்க் கூடு, பந்தய இருக்கை, பட்டி, தீயணைக்கும் கருவி, பிறேக், ரயர் இவைக்கு எவ்வளவு செலவழித்தாலும் கேள்வி இல்லை. நல்ல விதிதான். 500 டொலருக்குள் பிறேக்கையும் அடக்கச் சொல்லியிருந்தால் முதல் நாளே சாவு விழுந்திருக்கும். ஆனால் இந்த விதிவிலக்குக்குள் ஒரு பிரச்சினை ஒளிந்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தலைகீழான லெமன்

விதி வந்தவுடனே அலாப்பலும் வந்துவிடும். 3,000 டொலர் பெறுமதியான காரைக் கொண்டுவந்து '400 டொலருக்கு வாங்கினது' என்று துண்டு காட்டினால் நடுவர் என்ன செய்வார்? காரின் உண்மையான பெறுமதி கொண்டுவந்தவருக்குத் தெரியும், நடுவருக்குத் தெரியாது. அகெர்லோவ் சொன்ன அதே நிலைமை, திசை மட்டும் மாறியிருக்கிறது. சந்தையில் கூடாதது நல்லதாக வேசம் போடும். இங்கே நல்லது கூடாததாக வேசம் போடுகிறது. இதைத் தடுக்காவிட்டால் உண்மையாகவே 500 டொலர் காரோடு வருகிற ஆள் தோற்றுத் தோற்றுக் களைத்து வராமல் விட்டுவிடுவார். கடைசியில் பொய்க்காரர் மட்டும் மிஞ்சுவார்கள்.

இந்தப் பிரச்சினைக்கு வரலாற்றில் மூன்று வழிகள் தேடியிருக்கிறார்கள்.

முதலாவது வழி, காரை விலைபேச விடுவது. பின்லாந்திலும் சுவீடனிலும் ஆருக்கும் பொதுவான மலிவுக் கார்ப் பந்தயம் ஒன்று பல பத்தாண்டுகளாக நடக்கிறது. மண்ணிலும் சரளைக்கல்லிலும் ஓடுகிற குறுந்தூரப் பந்தயம். சுவீடனில் அதற்கு 'போக்ரேஸ்', மக்கள் பந்தயம், என்று பெயர். அங்கே ஓடின கார் ஒவ்வொன்றும் ஒரே நிர்ணய விலைக்கு விற்பனைக்குரியது. பந்தயம் முடிந்ததும் அந்த விலையைக் கட்டிக் கேட்கலாம். பலபேர் கேட்டால் சீட்டுக் குலுக்குவார்கள். சொந்தக்காரர் மாட்டேன் என்று சொல்ல ஏலாது. அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்திலும் இந்த மாதிரி ஒரு வகை நெடுநாளாக உண்டு. எவ்வளவு அழகான விதி எண்டு பாருங்கோ. பரிசோதகரும் தேவையில்லை, துண்டும் தேவையில்லை. காரில் கூடக் காசைப் போட்டால் நட்டம் உனக்குத்தான், வென்ற அன்றைக்கே இன்னொருவன் மலிவாகக் கொண்டுபோய்விடுவான். பேராசையை வைத்தே பேராசைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

லெமன்ஸும் இதைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. பந்தயம் முடிய அமைப்பாளர்கள் விரும்பினால் எந்தக் காரையும் 500 டொலர் குடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விதி எழுதினார்கள். முதல் சில வருசங்களில் அதைவிடக் கொடூரமான ஒன்றும் இருந்தது. போட்டியாளர்கள் வாக்குப் போட்டு, ஆகக் கூடுதலாக அலாப்பின, இல்லாட்டி ஆகக் கூடுதலாக இடைஞ்சல் குடுத்த ஒரு குழுவைத் தெரிவு செய்வார்கள். அந்தக் குழுவின் காரை எல்லாருக்கும் முன்னால் இயந்திரத்தால் நசுக்கிவிடுவார்கள். 'மக்களின் சாபம்' என்று அதற்குப் பெயர். பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

இரண்டாவது வழி, விலைப்பட்டியல். லெமன்ஸ் தொடங்கிச் சில வருசத்தில் 'சம்ப்கார்' என்ற போட்டி அமைப்பு ஒன்று உருவானது. நடுவரின் மனம்போன போக்கில் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது அவர்களின் வாதம். எந்தக் கார் என்ன பெறுமதி, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று பட்டியல் எழுதினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் பட்டியல் வந்தவுடன் பட்டியலைப் படித்துக் கணக்குப் போடுகிற ஆக்களும் வந்துவிடுவார்கள். எந்தக் காருக்குக் குறைவான மதிப்புப் போட்டுவிட்டார்கள், அதில் எந்தப் பாகத்தைப் பூட்டினால் லாபம் என்று தேடுவதே போட்டியாகிவிடும். 500 டொலர் போய் 500 புள்ளி வந்தது. 'சம்ப்', அதாவது மக்குப்பயல், என்ற பெயர் போய் 'சம்ப்', அதாவது வீரன், என்ற பெயர் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். இன்றைக்கு அது 'சம்ப்கார் என்டியூரன்ஸ் சீரிஸ்': நல்ல, ஒழுங்கான, செலவு கூடின அமெச்சூர்ப் பந்தயம்.

மூன்றாவது வழி லெமன்ஸின் சொந்த வழி. நேரே முகத்தைப் பார்த்துக் கேட்பது.

புழுகுப் பரிசோதனை

பந்தயத்துக்கு முதல் நாள் ஒவ்வொரு குழுவும் காரைத் தள்ளிக்கொண்டு நீதிபதிகளிடம் போகவேண்டும். கறுப்பு அங்கியும் தலையில் பொய்முடியும் போட்டுக்கொண்டு இருப்பார்கள். நாகரிகமாகத் தமிழில் சொன்னால் அதற்குப் பெயர் 'புழுகுப் பரிசோதனை'. காரை எங்கே வாங்கினாய், எவ்வளவு, இந்தக் கார்புரேட்டர் எங்கேயிருந்து வந்தது, கழற்றின இருக்கைகளை எவ்வளவுக்கு விற்றாய் என்று கேட்பார்கள். கழற்றி விற்ற சாமானின் காசைச் செலவில் கழிக்கலாம் என்பதால், அந்தக் கணக்கில்தான் புழுகு கூட வரும். நம்பிக்கை வராவிட்டால் 500க்கு மேலே போன ஒவ்வொரு 10 டொலருக்கும் ஒரு சுற்றுக் குறைப்பார்கள். மேன்முறையீடு கிடையாது.

நீதிபதிகளுக்கு இலஞ்சம் குடுக்கலாம், அதுவும் பகிரங்கமாக. சாப்பாடு, போத்தல், பகிடியான பொருட்கள். வாங்கினதும் 'இலஞ்சம் குடுத்தாச்சு' என்று அச்சுத்தகடு வைத்துக் காரிலேயே பெயின்ற் அடித்துவிடுவார்கள். ஒளிச்சுக் குடுக்கிற இலஞ்சம் விளையாட்டைக் கெடுக்கும். ஊரறியக் குடுக்கிற இலஞ்சம் அந்த விளையாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

திடலில் பிழை விட்டாலும் இதே மாதிரித்தான். கார் சுழன்றாலோ, தெருவை விட்டு வெளியே போனாலோ, மற்றக் காரில் முட்டினாலோ கறுப்புக்கொடி காட்டுவார்கள். உடனே வந்து நீதிபதிக்கு முன்னால் நிற்கவேண்டும். தண்டனைக் காசு இல்லை. சாரதி முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு, தான் செய்த பிழையை ஒரு வார்த்தை பேசாமல் நடித்துக் காட்டவேண்டிவரும். இல்லாட்டி காருக்குத் தார் பூசி இறகு ஒட்டுவார்கள். இல்லாட்டி கூரையில் ஏதாவது இரும்பு உருவத்தை வெல்டிங் பண்ணிவிட, அதைச் சுமந்துகொண்டு ஓடவேண்டும். அவ்வளவு நேரமும் மற்றவர்கள் சுற்றுகளை அடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதைக் கோமாளித்தனம் என்று மட்டும் பார்த்தால் ஒன்றை விட்டுவிடுவோம். தண்டம் 200 டொலர் என்று வைத்திருந்தால் காசுள்ளவன் கட்டிவிட்டு அடுத்த நிமிசமே திரும்ப முட்டப் போவான், காசில்லாதவன் வீட்டுக்குப் போவான். நேரமும் வெட்கமும் அப்படியில்லை. மருத்துவருக்கும் மெக்கானிக்குக்கும் அரை மணித்தியாலம் அரை மணித்தியாலம்தான்.

ஆகக் கூடாத கார்

நீதிபதிகள் கார்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். ஏ வகுப்பு, வெல்லக்கூடியவை. பீ வகுப்பு, இடைநடுவானவை. சீ வகுப்பு, ஓடி முடிக்குமோ என்றே தெரியாதவை. ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் பரிசு. ஆரம்ப காலத்துப் பரிசுக் காசு 5 சத நாணயமாகக் குடுக்கப்பட்டது. 500 டொலரை அப்படிக் குடுத்தால் 10,000 நாணயம் வரும். ஒன்று 5 கிராம். மொத்தம் 50 கிலோ, ஒரு சீமெந்துப் பை.

ஆனால் ஆகப் பெரிய மரியாதை இந்த மூன்றுக்கும் இல்லை. 'ஆகக் கூடாத காரை வைத்துக்கொண்டு எதிர்பார்த்ததைவிடக் கூட ஓடின' குழுவுக்கு ஒரு விருது இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயர் 'இன்டெக்ஸ் ஒப் எஃபுளுவென்சி', தமிழில் 'கழிவுச் சுட்டெண்' என்று சொல்லலாம். லு மானின் பழைய சுட்டெண்ணை நக்கல் அடித்து வைத்த பெயர். நக்கலாக வைத்தாலும், 1923இல் லு மான் கேட்ட கேள்வியைத்தான் அது திருப்பிக் கேட்கிறது: உன்னிடம் இருக்கிறதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போனாய்?

இந்த விருது வந்ததும் அலாப்பிகளின் கணக்கே பிழைத்துப்போனது. நல்ல காரைக் கூடாததாக வேசம் போட்டு முதலாவதாக வந்தால் கிடைப்பது ஒரு சின்னக் கைதட்டல். ஆனால் உண்மையாகவே எவரும் கையாலும் தொடாத கார் ஒன்றைக் கொண்டுவந்து ஓடி முடித்தால் திடலே எழுந்து நிற்கும். ஆக்கள் மோசமான கார்களைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். வொஷிங்டனில் பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த ஒருவர், பறக்காமல் கிடந்த செஸ்னா விமானத்தின் உடலை டொயோட்டா வான் ஒன்றின் மேல் ஏற்றி ஓட்டினார். இன்னொருமுறை கமாரோ காரின் உடலைத் தலைகீழாகக் கவிழ்த்து, போர்ட் பெஸ்ரிவா ஒன்றின் மேல் பூட்டிக்கொண்டு வந்தார். பார்த்தால் சக்கரம் வானத்தைப் பார்க்கக் கார் ஓடுகிற மாதிரி இருக்கும்.

கூடாத கார் எப்படி நின்றுபிடிக்கிறது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வேகமான கார் 2 நிமிசத்தில் ஒரு சுற்று ஓடும் என்று வையுங்கோ. மெதுவான காருக்கு 2 நிமிசம் 15 செக்கன். 14 மணித்தியாலத்தில் முதலாவது 420 சுற்று ஓடலாம், இரண்டாவது 373. ஆனால் வேகமான கார் பழுது பார்க்க இரண்டு மணித்தியாலம் நின்றால் அதன் கணக்கு 360க்கு இறங்கிவிடும். ஆமை முயல் கதையில் முயல் தூங்கினது. இங்கே முயலின் எஞ்சின் வெடிக்கும்.

வெடிக்கிறதுக்கும் காரணம் இருக்கு. வீட்டுத் தேவைக்குச் செய்த கார் நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது எஞ்சின் அடியில் உள்ள ஒயில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒயில் பம்ப் காற்றை உறிஞ்சும். சில செக்கன்தான். அதற்குள் பெயாரிங் எரியும், பிறகு கொனெக்ரிங் ரொட் உடைந்து எஞ்சின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அமைதியாக, எஞ்சினைத் திணறவிடாமல் ஓட்டுகிற சாரதிதான் காரை வீட்டுக்குக் கொண்டுபோவார். எஞ்சின் போன குழுக்களும் வீட்டுக்குப் போவதில்லை. சனிக்கிழமை பின்னேரமே பழைய சாமான் கடைக்கு ஓடி இன்னொரு எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வந்து, விடிய விடிய மாற்றி, ஞாயிறு காலையில் திரும்ப இறங்கும் குழுக்கள் லெமன்ஸில் சாதாரணம். பக்கத்துக் குழு, அதாவது போட்டியாளர்தான், ஜக்கும் ஸ்பனரும் குடுப்பார்.

அதே வருசங்களில் அரசாங்கம்

இந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டிய ஒன்று 2009இல் நடந்தது. பொருளாதார நெருக்கடியில் கார்க் கம்பனிகள் விழுந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெற்றோல் கூடக் குடிக்கிற பழைய காரைக் குடுத்துப் புதுக் கார் வாங்கினால் 3,500 அல்லது 4,500 டொலர் கழிவு. முதலில் 100 கோடி டொலர் ஒதுக்கினார்கள், நாட்கணக்கில் முடிந்துவிட்டது. பிறகு இன்னும் 200 கோடி. ஓகஸ்ட் கடைசியில் திட்டம் முடிந்தபோது ஏறக்குறைய 6 இலட்சத்து 77 ஆயிரம் கார்கள் உள்ளே போயிருந்தன.

அந்தக் கார்கள் திரும்ப ஓடக்கூடாது என்பது நிபந்தனை. ஒயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிக்கேற் கரைசலை ஊற்றி எஞ்சினை ஓடவிடுவார்கள். சூட்டில் அது கண்ணாடி மாதிரி இறுகும். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். கவனியுங்கோ, திட்டத்துக்கு ஓடுகிற நிலையில் இருக்கிற கார்தான் வேணும். ஓடாததைக் கொண்டுபோனால் காசு இல்லை.

சுற்றுச்சூழலுக்கும் தொழில்களுக்கும் அந்தத் திட்டம் எவ்வளவு உதவினது எண்டு பொருளியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது வேறு. ஓடுகிற எஞ்சினைக் கொல்ல 4,500 டொலர் குடுத்த அதே கோடையில், சில ஆக்கள் செத்த எஞ்சினை எழுப்ப 500 டொலருக்குள் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். பழசு என்பது குப்பையா, இன்னும் வேலை மிச்சம் இருக்கிற ஒரு பொருளா? இரண்டு விடையும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இருந்தன.

உண்மையாகவே மலிவா?

இவ்வளவும் சொன்னபிறகு கசப்பான பக்கத்தையும் சொல்லவேண்டும். கார் 500 டொலர். சரி. ஆனால் கணக்கில் சேராத அந்த இரும்புக்கூடு, இருக்கை, பட்டி, தீயில் எரியாத உடுப்பு, தலைக்கவசம், கழுத்தைக் காக்கிற கருவி எல்லாம் சேர்த்தால் காரின் விலையைப்போலப் பலமடங்கு. பந்தயக் கட்டணம் தனி. காரை இழுத்துக்கொண்டு போக ஒரு பெரிய வாகனமும் ட்ரெயிலரும் வேணும். காரை வைத்து வேலை செய்ய கராஜ் வேணும், வெல்டிங் தெரிந்த ஆள் வேணும், சனி ஞாயிறு ஓய்வு வேணும். உண்மையாகவே 500 டொலர் காரில் வேலைக்குப் போய் வருகிற ஒரு தொழிலாளிக்கு அந்தக் கார் விளையாட்டுப் பொருள் இல்லை. அது நின்றால் அடுத்த நாள் சம்பளம் நிற்கும்.

விலையும் அசையாமல் நிற்கவில்லை. ஆரம்பத்தில் திடல் முழுக்க நின்ற பிஎம்டபிள்யூ ஈ30 ரகக் கார்களை இப்ப சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். 2021இல் புதுக் கார்களுக்குச் சிப் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவில் பழைய கார் விலை ஒரே வருசத்தில் 40 வீதமளவில் ஏறியது. 2006இன் 500 டொலரும் இன்றைய 500 டொலரும் ஒன்றில்லை. நீதிபதிகளும் இதை அறிந்துதான் கண்ணைச் சற்று மூடிக்கொள்கிறார்கள். 500 என்ற எண் இப்ப அளவுகோல் என்பதைவிட ஒரு பண்பின் பெயர் என்று சொல்லலாம்.

ஆக, மலிவுப் பந்தயம் ஏழைகளின் பந்தயம் ஆகவில்லை. பந்தயக்காரரில் இருந்து ஆகப் பெரிய பணக்காரரை மட்டும் கழித்துவிட்டு, நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு கதவைத் திறந்தது. அது சின்ன விசயம் இல்லை. ஆனால் அதைச் சமத்துவம் எண்டு கொண்டாடிப் புழுகக்கூடாது.

கடைசியாக

மூன்று வழிகளையும் திரும்பப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. பட்டியல் போட்டுக் காசைக் கட்டுப்படுத்தப் பார்த்த இடத்தில், காசு பட்டியலைப் படித்துவிட்டுப் பின்கதவால் வந்தது. வட ஐரோப்பாவில் விற்பனை விதி நின்றுபிடித்ததற்குக் காரணம், அது அலாப்பலின் லாபத்தையே பறித்தது. லெமன்ஸ் அதற்கும் அப்பால் போய் எதை வெற்றி என்று சொல்வது என்பதையே மாற்றியது. முதலாவதாக வருவதைவிட, ஒன்றுக்கும் உதவாது என்று எறிந்ததை ஓடவைத்தது பெரிசு என்று ஒரு கூட்டம் சேர்ந்து ஒத்துக்கொண்டபிறகு, காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போட்டிகளில் நியாயம் வேணும் எண்டு கேட்கிறபோது நாங்கள் பெரும்பாலும் விதியைத் திருத்தச் சொல்லித்தான் கேட்கிறோம். இன்னும் இறுக்கமான விதி, இன்னும் நுணுக்கமான அளவுகோல். அது தேவைதான். ஆனால் பரிசு ஆருக்குப் போகுது, எதுக்காகப் போகுது எண்டு கேட்கிறது குறைவு. கறள் பிடித்த கார்களுக்குப் பின்னால் போன இந்தக் கூட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டது. பொய்முடி போட்ட நீதிபதிகளை வைத்துக் கேட்டது எண்டதுக்காக அந்தக் கேள்வி பகிடியாகிவிடாது.